கன்னியாகுமரி மாவட்டத்தில் ஜெரேனியம்: மழைக்கு ஒதுக்கி வளர்க்கும் முறை

ஊட்டிக்குப் போய் வருகிறவர்கள் ஆசையாக ஒரு ஜெரேனியம் தொட்டி வாங்கி வருவார்கள். முற்றத்தில் வைத்துக் கொஞ்ச நாள் பூக்கும். இடவப்பாதி மழை, அதாவது தென்மேற்குப் பருவமழை, பிடித்ததும் தண்டு கறுத்துச் சாய்ந்துவிடும். "இது குளிர் ஊர்ச் செடி, நமக்கு வராது" என்று விட்டுவிடுவோம். என் முதல் இரண்டு செடிகளும் அப்படித்தான் போயின. வாங்கிய இடத்தில் தினமும் தண்ணீர் விடச் சொன்னார்கள், விட்டேன். மூன்றாவதை ஓட்டுச் சாய்ப்புக்கு அடியில் வைத்துத் தண்ணீரைக் குறைத்தேன். அது பிழைத்தது. நம்ம ஊரில் இந்தச் செடியைக் கொல்வது பெரும்பாலும் வெயில் இல்லை, ஈரம்.

காரணம் அதன் பிறந்த ஊரிலேயே இருக்கிறது. நாம் ஜெரேனியம் என்று வாங்குவது உண்மையில் பெலர்கோனியம், தென்னாப்பிரிக்காவைச் சேர்ந்தது. வறட்சியைத் தாங்குவதற்காகச் சதைப்பற்றான தண்டில் தண்ணீரைச் சேர்த்து வைக்கும். நமக்கோ வருடத்தில் இரண்டு மழைக்காலம். குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கம் கேட்கவே வேண்டாம். தோவாளை, ஆரல்வாய்மொழிப் பக்கம் மழை குறைவு, ஆனால் காற்று தொட்டியை உருட்டித் தண்டை ஒடித்துவிடும். அங்கே இருப்பவர்கள் சுவர் மறைவு பார்த்து வையுங்கள்.

எந்தச் செடி?

முதல் தடவை என்றால் இலையில் குதிரை லாடம் போலக் கருமையான வளையம் ஓடும் வகையை வாங்குங்கள். இலையைக் கசக்கினால் ஒரு காரமான வாசனை வரும். கொடி போலத் தொங்கும் வகையும் உண்டு, கொஞ்சம் பழகிய பிறகு அதற்குப் போகலாம். பூ நிறைந்த செடியைவிட, அடித்தண்டு உறுதியாகவும் பச்சையாகவும் இருக்கும் செடிதான் நல்லது.

மண் கலவை

செம்மண் இரண்டு பங்கு, ஆற்று மணல் ஒரு பங்கு, நன்றாக மக்கிய சாணி உரம் ஒரு பங்கு. கதம்பைச் சோறு (தேங்காய் மட்டையிலிருந்து வரும் நார்த்தூள்) நம்மிடம் தாராளமாகக் கிடைக்கிறதே என்று அள்ளிப் போடாதீர்கள். அது ஈரத்தைப் பிடித்து வைக்கும். போடுவதானால் உப்புப் போக இரண்டு மூன்று தடவை அலசி, ஒரு கைப்பிடி மட்டும். தொட்டி மண்ணால் செய்ததாக, 6 அங்குலம் போதும். அடித்துளை மேல் ஓட்டுத் துண்டு ஒன்றைக் கவிழ்த்து வையுங்கள். பெரிய தொட்டியில் வைத்தால் மண் காயாது, பூவும் தாமதமாகும்.

கம்பு நடுவது

இதுதான் முக்கியமான வேலை. ஆவணியில் முதல் மழை ஓய்ந்து, ஐப்பசி மழைக்கு முன் ஓர் இடைவெளி கிடைக்கும். அப்போது நடுங்கள்.

மரச்சீனிக் (மரவள்ளி) கம்பு நட்ட கை என்றால் முற்றிய தண்டைத்தான் தேடும். இங்கே அது வேண்டாம். பூ இல்லாத பச்சைக் கிளையின் நுனியை 4 அங்குல நீளத்துக்கு எடுங்கள். கணுவுக்குச் சற்றுக் கீழே, சுத்தமான பிளேடால் ஒரே வெட்டு. மேலே இரண்டு மூன்று இலைகளை விட்டு மற்றதைக் கிள்ளிவிடுங்கள். கணுவில் காகிதம் போல ஒட்டியிருக்கும் சின்னச் செதில்களையும் எடுத்துவிடுங்கள், அழுகல் அங்கேதான் தொடங்கும். பிறகு உடனே நடாமல் நிழலில் அரை நாள் போடுங்கள். வெட்டிய இடத்தைத் தொட்டால் ஈரம் ஒட்டாமல், தோல் மூடியது போல இருக்க வேண்டும்.

ஈரமணலில் குச்சியால் குழி போட்டு ஓர் அங்குல ஆழத்தில் வையுங்கள். பாலித்தீன் பை போட்டு மூட வேண்டாம், அழுகிவிடும். மூன்று நான்கு வாரத்தில் புதுத் துளிர் வரும். லேசாக இழுத்தால் கம்பு பிடித்துக்கொள்ளும். அப்போது தொட்டிக்கு மாற்றி, ஐந்தாறு இலை வந்ததும் நுனியைக் கிள்ளுங்கள். பக்கக்கிளை வெடித்துச் செடி குண்டாகும். மார்கழி, தையில் பூ.

தண்ணீர், உரம்

விரலை மண்ணுக்குள் ஓர் அங்குலம் விட்டுப் பாருங்கள். காய்ந்திருந்தால் மட்டும், இலையில் படாமல், அடியில் ஊற்றுங்கள். மழைக்காலத்தில் வாரம் ஒரு தடவைகூட அதிகமாகிவிடலாம். காலை வெயில் நாலைந்து மணி நேரம் வேண்டும். தழை, மணி, சாம்பல் சத்துகள் சம அளவில் இருக்கும் 19:19:19 உரத்தை லிட்டருக்கு 2 கிராம் கரைத்து 15 நாளைக்கு ஒரு தடவை கொடுத்தால் போதும். தழைச்சத்து கூடினால் இலைதான் பெருகும். வாடிய பூங்கொத்தைக் காம்பின் அடியில் பிடித்துப் பக்கவாட்டில் மடக்கினால் 'டக்' என்று வந்துவிடும். இதைத் தவறாமல் செய்தால் அடுத்த மொட்டு சீக்கிரம் வரும்.

நோய்

தண்டு அடியிலிருந்து கறுத்தால் அந்தச் செடிக்கு மருந்து தேடாதீர்கள். மேலே பச்சையாக இருக்கும் நுனியை வெட்டிப் புதுக் கம்பாக நடுங்கள், அந்த மண்ணை வேறு தொட்டிக்குப் பயன்படுத்த வேண்டாம். இலையின் அடியில் பழுப்புப் பொடி வட்டமாகத் தெரிந்தால் துரு நோய், இலையைக் கிள்ளி எரித்துவிடுங்கள். மாவுப்பூச்சிக்கு வேப்பெண்ணெய் 5 மில்லி, ஒரு லிட்டர் தண்ணீர், கொஞ்சம் சோப்புக் கரைசல். மாலையில் அடியுங்கள். அப்புறம், வீட்டில் பூனையோ நாயோ இருந்தால் எட்டாத இடத்தில் வையுங்கள், இலையைத் தின்றால் அவற்றுக்கு ஒத்துக்கொள்ளாது.

பங்குனி, சித்திரைச் சூட்டில் பூ குறைந்து இலை சிறுக்கும். பயந்துபோய்த் தண்ணீரும் உரமும் கூட்டாதீர்கள். மதிய நிழலுக்கு மாற்றிவிட்டு அப்படியே விடுங்கள். இடவப்பாதிக்கு முன் சாய்ப்புக்கு அடியில் தள்ளிவிட்டால், ஆவணியில் கம்பு எடுக்க அந்தத் தாய்ச்செடியே இருக்கும்.