கட்டாத ஆட்டோமேட்டிக் நின்றுதான் போகும்

குறைந்த விலையில் ஒரு கை வாட்ச் வாங்க வேண்டும், ஆட்டோமேட்டிக் எடுக்கலாமா குவார்ட்ஸ் எடுக்கலாமா என்று யாராவது கேட்டால், நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: வாரத்தில் எத்தனை நாள் கட்டுவீர்கள்? காலையில் கட்டி ராத்திரி கழற்றுகிற ஆளுக்கு ஆட்டோமேட்டிக் சரிப்படும். விசேஷத்துக்கும் இன்டர்வியூவுக்கும் மட்டும் எடுக்கிறவர் அதை வாங்கினால், ஒவ்வொரு முறையும் கிளம்புகிற அவசரத்தில் நின்றுபோன வாட்ச்சுக்கு நேரம் வைத்து, தேதி வைத்து, கிழமை வைத்து, கடைசியில் வெறுத்துப்போய் அலமாரியிலேயே போட்டுவிட்டுப் போவார்.

ஆட்டோமேட்டிக்கில் பேட்டரி கிடையாது. உள்ளே அரைவட்டமாக ஒரு கனமான தகடு இருக்கிறது, அதை ரோட்டார் என்பார்கள், கை அசைய அசைய அது சுழன்று மெயின் ஸ்பிரிங்கை முறுக்கிக்கொண்டே இருக்கும். முழுசாக முறுக்கிய ஸ்பிரிங் இந்த ரக வாட்ச்களில் ஏறக்குறைய 40 மணி நேரம் தாங்கும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கழற்றி வைத்தால் ஞாயிறு காலை பத்து மணிவாக்கில் நின்றுவிடும், கணக்கு அவ்வளவுதான். குவார்ட்ஸில் பேட்டரி ஒரு சின்னப் படிகத்தை நொடிக்கு 32,768 முறை அதிர வைக்கிறது. அந்த எண்ணை 15 முறை பாதி பாதியாக்கினால் 1 வரும், அந்த ஒரு துடிப்புதான் நொடி முள்ளை ஒரு தட்டு தட்டுகிறது. 1969 டிசம்பரில் ஜப்பானின் சீக்கோ கம்பெனி முதல் குவார்ட்ஸ் கை வாட்ச்சை விற்பனைக்குக் கொண்டு வந்தபோது அதன் விலை ஒரு சின்ன கார் விலை. இன்றைக்கு அதுதான் மலிவு ரகம்!

நேரம் பிசகாமல் வேண்டும் என்றால் யோசிக்கவே வேண்டாம், குவார்ட்ஸ்தான். சாதாரண குவார்ட்ஸ் மாசத்துக்கு 15, 20 நொடி தவறும். பல கம்பெனி வாட்ச்களுக்குள் ஓடுகிற சீக்கோவின் என்எச்35 ஆட்டோமேட்டிக் எஞ்சினுக்கு, அதைச் செய்பவர்களே சொல்லும் அளவு நாளைக்கு 20 நொடி பின்தங்குவதிலிருந்து 40 நொடி முந்துவது வரை. நடைமுறையில் இதைவிட நன்றாகவே ஓடும், ஆனால் நாளைக்கு 25 நொடி முந்துகிறது என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போக முடியாது. மேசையில் டயல் மேலே பார்க்கும்படி வைத்தால் ஒரு வேகம், சாய்த்து வைத்தால் இன்னொரு வேகம் என்று ஆட்டோமேட்டிக் ஓடும். ராத்திரி எப்படி வைத்தால் காலையில் வித்தியாசம் குறைகிறது என்று ஒரு வாரம் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், இதில் ஒரு தனி சுகம் உண்டு.

ஆட்டோமேட்டிக் வாங்கும்போது டயலின் அழகைப் பார்ப்பதற்கு முன் உள்ளே என்ன எஞ்சின் என்று கேளுங்கள். என்எச்35, சிட்டிசன் குழுமத்தின் மியோட்டா 8215 போன்றவை என்றால் நிம்மதி, எந்த ரிப்பேர்காரருக்கும் பழக்கமானவை, ரொம்பக் கெட்டால் எஞ்சினையே மாற்றிவிடலாம். என்எச்35க்குக் கையாலும் சாவி கொடுக்கலாம், சாவியை, அதாவது பக்கவாட்டில் இருக்கும் திருகு குமிழை, வெளியே இழுத்தால் நொடி முள் நிற்கும், நொடி பிசகாமல் நேரம் வைக்கலாம். பழைய சீக்கோ 5 வாட்ச்களில் இருக்கும் 7எஸ்26 எஞ்சினில் இந்த இரண்டுமே கிடையாது. உழைப்பில் ஒரு குறையும் இல்லை, நின்றுபோனால் மெதுவாக ஆட்டித்தான் எழுப்ப வேண்டும். எஞ்சின் பெயரைச் சொல்ல மாட்டேன் என்கிற கடையில் வாங்காதீர்கள்.

அளவு விஷயத்தில் எல்லோரும் டயலின் விட்டத்தைப் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது ஸ்ட்ராப் மாட்டுகிற மேல் காதிலிருந்து கீழ் காது வரை உள்ள நீளம். ஒரு காகிதத் துண்டை அந்த நீளத்துக்கு வெட்டி மணிக்கட்டின் மேல் குறுக்கே வைத்துப் பாருங்கள். இரண்டு பக்கமும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அந்த வாட்ச் உங்களுக்கு இல்லை, எவ்வளவு பிடித்திருந்தாலும் சரி. கண்ணாடியில் சஃபையர் கிடைத்தால் நல்லது, கீறல் விழுவது அபூர்வம். மினரல் கண்ணாடி மணல் பட்டாலே கீறும். அக்ரிலிக் என்கிற பிளாஸ்டிக் அதைவிடச் சுலபமாகக் கீறும், ஆனால் லேசான கீறல் என்றால் கொஞ்சம் பற்பசையைத் துணியில் தொட்டுத் தேய்த்தே போக்கிவிடலாம்.

தண்ணீர்தான் விலை குறைந்த வாட்ச்சின் எமன். பின்மூடியில் 30 மீட்டர் என்று போட்டிருந்தால் 30 மீட்டர் ஆழத்துக்கு இறங்கலாம் என்று அர்த்தமில்லை, கை கழுவும்போது தெறிக்கிற தண்ணீர் பரவாயில்லை, அவ்வளவுதான். நீச்சலுக்கு 100 மீட்டராவது வேண்டும். வெந்நீர்க் குளியலுக்கு எந்த எண் போட்டிருந்தாலும் கழற்றிவிடுங்கள், சூட்டிலும் சோப்பிலும் உள்ளே இருக்கும் ரப்பர் வளையம் சீக்கிரம் இறுகி வெடித்துவிடும். திருகி மூடுகிற சாவி உள்ள வாட்ச் என்றால், நேரம் வைத்த பிறகு அதை அழுத்தித் திருகி மூட மறக்காதீர்கள். திறந்து கிடந்தால் 200 மீட்டர் வாட்ச்சும் தண்ணீர் குடிக்கும். கண்ணாடிக்கு உள்பக்கம் பனி படிந்தால் வெயிலில் காய வைத்துக்கொண்டிருக்காமல் அன்றைக்கே பிரித்துப் பார்க்கக் கொடுங்கள், துரு பிடிக்க ரொம்ப நாள் ஆகாது.

அப்புறம் தேதி. இதில் நான் பட்டிருக்கிறேன். வாங்கிய புதிதில் ஒரு ராத்திரி பதினொரு மணிக்கு உட்கார்ந்து சாவியை ஒரு இழுப்பு இழுத்துத் தேதியை மாற்றினேன், ஏதோ நறுக்கென்றது. மறுநாள் காலையில் பார்த்தால் சின்ன ஜன்னலில் 14இன் கீழ்ப்பாதியும் 15இன் மேல்பாதியும் சேர்ந்து நிற்கிறது. ஏறக்குறைய இரவு 9 மணியிலிருந்து விடிகாலை 4 மணி வரை தேதிச் சக்கரத்தை உள்ளே ஒரு பல் பிடித்துக்கொண்டிருக்கும், அந்த நேரத்தில் வெளியிலிருந்து தள்ளினால் பல் உடையலாம். அதனால் முதலில் முட்களை ஆறரைக்குக் கொண்டு வாருங்கள், தேதியை நேற்றைய தேதியில் வையுங்கள், பிறகு முட்களை முன்பக்கமாகவே சுற்றுங்கள். தேதி எங்கே தாவுகிறதோ அதுதான் நள்ளிரவு, அங்கிருந்து இப்போதைய நேரத்துக்கு வந்துவிடலாம். முட்களோடு தேதியும் காட்டுகிற குவார்ட்ஸுக்கும் இதே முறைதான்.

நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஆட்டோமேட்டிக் திடீரென்று நாளைக்குப் பல நிமிடம் முந்த ஆரம்பித்தால் பயப்படாதீர்கள், பெரும்பாலும் காந்தம் ஏறியிருக்கும். ஸ்பீக்கர், டேப்லெட் உறை, பையின் காந்தப் பொத்தான் என்று எதன் பக்கத்தில் வைத்தாலும் ஏறும். உள்ளே இருக்கும் மெல்லிய சுருள் ஒட்டிக்கொள்வதால் அதன் ஆட்டம் குறுகி, வாட்ச் ஓட்டம் பிடிக்கிறது. ஒரு திசைகாட்டியின் பக்கத்தில் கொண்டு போங்கள், ஊசி துள்ளினால் சந்தேகமே இல்லை. காந்தம் எடுக்கிற சின்ன மெஷின் ரிப்பேர்காரரிடம் இருக்கும், சில நொடி வேலை. இதற்குப் போய் முழு சர்வீஸ் செய்ய வேண்டும் என்று சொல்கிறவரிடம் வாட்ச்சைக் கொடுக்காமல் வந்துவிடுங்கள்.

சர்வீஸ் என்று தனியாக வந்தால், ஆட்டோமேட்டிக்கில் எண்ணெய் காய்ந்துவிடும், ஐந்தாறு வருஷத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும் என்பார்கள். மலிவு வாட்ச்சில் நான் அப்படிச் செய்வதில்லை. நேரம் ஒழுங்காகக் காட்டும் வரை ஓடட்டும் என்று விட்டுவிடுவேன், கெட்டால் எஞ்சினை மாற்றிக்கொள்வது பல சமயம் சர்வீஸைவிடச் செலவு குறைவு. தோல் ஸ்ட்ராப் வியர்வையில் ஊறி நாறும், ஒரு நாள் கட்டினால் ஒரு நாள் காய விடுங்கள். ஸ்டீல் செயினை வாரம் ஒருமுறை பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவலாம், இடுக்கில் வருகிற கறுப்பு அழுக்கைப் பார்த்தால் அடுத்த வாரம் தானாகக் கை போகும்.

குவார்ட்ஸுக்குப் பராமரிப்பு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. சில மாடல்களில் நொடி முள் இரண்டு இரண்டு நொடியாகத் தாவும், பேட்டரி தீரப் போகிறது என்று அர்த்தம். ஆனால் பேட்டரி செத்த வாட்ச்சை அப்படியே டிராயரில் போட்டுவிடாதீர்கள். கசிந்து உள்ளே இருக்கும் சர்க்யூட்டை அரித்துவிடும், பிறகு புது பேட்டரி போட்டும் பிரயோஜனமில்லை. உடனே மாற்ற முடியாவிட்டால் பேட்டரியையாவது எடுத்து வைக்கச் சொல்லுங்கள். எப்போது மூடியைத் திறந்தாலும் ரப்பர் வளையத்தையும் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள், நீங்கள் கேட்காவிட்டால் பல பேர் பார்க்க மாட்டார்கள்.