கீமோதெரபி பெறும் நாயை வீட்டில் கவனித்துக்கொள்ள

நிணநீர்ப் புற்றுநோய்க்காகக் கீமோதெரபி ஊசி போட்டுக்கொண்ட நாய் அன்று மாலையே வாலாட்டிக்கொண்டு வந்தாலும், நாம் மிகவும் விழிப்பாக இருக்க வேண்டியது ஊசி போட்ட பின் 5-ஆம் நாளிலிருந்து 10-ஆம் நாள் வரைதான். வெள்ளை அணுக்கள் வெகுவாகக் குறைந்து, சிறு தொற்றும் பெரிதாகிவிடக்கூடிய காலம் அதுவே. நாயின் இயல்பான உடல் வெப்பமே ஏறத்தாழ 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் என்பதால், அதைக் காய்ச்சல் என்று எண்ணிப் பதற வேண்டியதில்லை. ஆனால் டிஜிட்டல் தெர்மாமீட்டரின் நுனியில் சிறிது வாசலின் தடவி, ஆசனவாயில் மெதுவாக வைத்துப் பார்க்கும்போது 103-ஐத் தாண்டினால், நள்ளிரவானாலும் மருத்துவரை அழைத்துவிடுங்கள். நம் வீட்டிலிருக்கும் பாராசிட்டமால், இபுப்ரூஃபன் மாத்திரைகளை நீங்களாகக் கொடுத்துவிடாதீர்கள். அவை நாய்க்கு நஞ்சாகக்கூடும்.

சாப்பிட மறுத்தால் அதட்டவோ வாயில் திணிக்கவோ கூடாது, பாவம், அதற்குக் குமட்டலாக இருக்கும். உப்பு, வெங்காயம், பூண்டு எதுவும் சேர்க்காமல் நன்றாக வேகவைத்து எலும்பு நீக்கிய கோழிக்கறியைக் குழைந்த சோற்றில் பிசைந்து, வெதுவெதுப்பாகக் கையில் வைத்து நீட்டினால், அந்த வாசனைக்கே பல நாய்கள் எழுந்து வரும்.

மருந்தின் எச்சம் சிறுநீரிலும் மலத்திலும் வெளியேறுவதால், குறைந்தது 3 நாட்களுக்குக் கையுறை அணிந்தே சுத்தம் செய்யுங்கள். கர்ப்பிணிகளும் குழந்தைகளும் அந்தப் பக்கமே வர வேண்டாம். மற்றபடி, தடவிக் கொடுப்பதற்கோ அருகில் படுக்க வைத்துக்கொள்வதற்கோ எந்தத் தடையும் இல்லை.