ரேம்ப்பில் கை வைக்கும் முன்: ஸ்கேட் பார்க் புதுப்பிப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஸ்கேட் பார்க்கில் இருந்த சிமென்ட் திண்டின் ஓரம் முழுக்கக் கறுப்பாக ஏதோ அப்பியிருந்தது. அழுக்கு என்று நினைத்து ஆளை விட்டுச் சுரண்டி, மேலே மஞ்சள் எனாமல் அடித்துவிட்டோம். சாயங்காலம் பள்ளி விட்டு வந்த பையன்கள் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார்கள். "அண்ணா, அது மெழுகுண்ணா. நாங்கதான் தேச்சு வெச்சிருந்தோம்." போர்டு திண்டின் விளிம்பில் உரசிக்கொண்டே வழுக்கிப் போவதற்காக மெழுகுவர்த்தியைத் தேய்ப்பார்களாம். நாங்கள் அடித்த எனாமலில் போர்டு சிக்கி நின்றது. ஒருவன் குப்புற விழுந்தும் காட்டினான்.

வடசென்னையில் சுற்றுச்சுவர், கால்வாய், விளையாட்டுத் திடல் என்று சின்னச் சின்ன வேலைகளுக்கு சைட் சூப்பர்வைசராக இருக்கிறேன். ஸ்கேட் பார்க் என்று எடுத்தது அது ஒன்றுதான். அதில் எங்கெங்கே சறுக்கினோம் என்பதை, இனி அப்படி ஒரு வேலை எடுக்கிறவர்களுக்காக எழுதுகிறேன்.

முதல் தவறு, கருத்துக் கேட்ட நேரமும் ஆளும். ஒரு புதன்கிழமை காலை 11 மணிக்குக் கூட்டம் போட்டார்கள். அந்த நேரத்தில் பையன்கள் பள்ளியில் இருப்பார்கள். வந்தது வாக்கிங் போகிற பெரியவர்கள், குடியிருப்போர் சங்கத்தார், அப்புறம் ஒரு ஸ்கேட்டிங் மாஸ்டர். மாஸ்டர் நல்ல மனிதர்தான். ஆனால் அவர் கேட்டது சமதளமான 200 மீட்டர் ஓடுபாதை. நம்மூரில் ஸ்கேட்டிங் வகுப்பு என்றாலே காலில் மாட்டுகிற சக்கரக் காலணிதான். 2025இல் சீனாவில் நடந்த உலக ஸ்பீட் ஸ்கேட்டிங் சாம்பியன்ஷிப்பில் தங்கம் வாங்கினாரே சென்னைக்காரர் ஆனந்த்குமார் வேல்குமார், அவருடைய ஆட்டம் அது. பலகை மேல் நின்று ஓட்டுகிற ஸ்கேட்போர்டு வேறு. டோக்கியோ ஒலிம்பிக்கில்தான் அது முதன்முதலில் சேர்ந்தது. அதற்கு ரேம்ப் என்கிற வளைந்த சரிவும், திண்டும், உரசி வழுக்குகிற கம்பியும் வேண்டும். இரண்டையும் ஒரே எஸ்டிமேட்டில் போட்டுக் குழப்பினால், ஓடுபாதையும் உருப்படாது, ரேம்ப்பும் உருப்படாது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குத் திடலுக்கே போங்கள். வெயில் ஏறிவிட்டால் கான்கிரீட்டில் கை வைக்க முடியாது, எட்டு மணிக்கு மேல் ஒருவரும் இருக்க மாட்டார்கள். பிளானை நீட்டி "எப்படி இருக்கு?" என்று கேட்டால் எல்லோரும் "சூப்பர்ணா" என்பார்கள், கூச்சத்தில். அதற்குப் பதில் கையில் ஒரு சாக்பீஸைக் கொடுங்கள். எங்கள் திடலில் ஒன்பதாவது படிக்கிற ஒரு பெண் கோடு போட்டுக் காட்டினாள்: இங்கே ஏறி, இங்கே திரும்பி, வேகம் குறையாமல் அந்தத் திண்டுக்கு. எங்கள் பிளானில் அந்தக் கோட்டின் நடுவே ஒரு விளக்குக் கம்பம், ஒரு சிமென்ட் பெஞ்சு, திறப்பு விழாக் கல்வெட்டு. மூன்றையும் நகர்த்தினோம். கல்வெட்டை நகர்த்தத்தான் ரொம்ப நாள் பிடித்தது.

இரண்டாவது, ரேம்ப்பின் வளைவைக் கண்ணளவில் போடுவது. அது வட்டத்தில் ஒரு துண்டு. மூன்றடி உயர ரேம்ப்புக்கு வட்டத்தின் ஆரமும் மூன்றடி என்று வைத்தால், மேல் விளிம்பு சுவர் மாதிரி செங்குத்தாக நிற்கும். கற்றுக்கொள்கிற பிள்ளை ஏறவே முடியாது. ஆரத்தை உயரத்தைப் போல் இரண்டு மடங்குக்கு நெருக்கமாக வைத்தால் வளைவு தணியும். நல்ல கொத்தனார்தான், ஆனாலும் மட்டப்பலகையைப் பிடித்தே பழகிய கை; வளைவின் அடியில் தன்னை அறியாமல் ஒரு மேடு விட்டுவிடும். ப்ளைவுட்டில் அந்த வளைவையே வெட்டி, அடிக்கு ஒருமுறை வைத்துப் பார்த்தால்தான் தெரியும். உச்சியில் பதிக்கிற இரும்புக் குழாயும் அப்படித்தான். கான்கிரீட்டோடு மட்டமாகப் புதைத்துவிட்டு ஃபினிஷிங் அழகாக இருக்கிறது என்று பெருமைப்பட்டோம். அது கால் அங்குலமாவது துருத்திக்கொண்டு இருந்தால்தான் போர்டு அதில் பிடிக்குமாம். உடைத்து மறுபடி பதித்தோம்.

தரையைச் சொல்ல வேண்டும். திடல் என்றாலே பேவர் பிளாக் போடுவது நமக்கு ஒரு வியாதி. போர்டின் சக்கரம் 50, 54 மில்லிமீட்டர்தான் இருக்கும், அதுவும் கல் மாதிரி கெட்டி. ஒரு சின்ன ஜல்லி குறுக்கே வந்தாலே சக்கரம் நின்றுவிடும், ஆள் மட்டும் முன்னால் போவான். இதில் பிளாக்குக்குப் பிளாக் இடைவெளி வேறு. கான்கிரீட்டைக் கரணையால் இழைத்து முடிக்க வேண்டும். சிமென்ட் பாலை மேலே ஊற்றிப் பளபளப்பாக்கினால் நாலு மாதத்தில் உரிந்து மண்ணாகக் கொட்டும். பெயின்ட் அடித்த தரை லேசாக நனைந்தாலும் வழுக்கும்.

எஸ்டிமேட்டில் கான்கிரீட்டின் வலிமைத் தரம் எம்20 என்று இருந்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள். காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் என்று கடலை ஒட்டிய ஊர் நம்முடையது. கடற்காற்று நேரடியாகப் படுகிற கான்கிரீட்டுக்கு, கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐஎஸ் 456 கேட்பது குறைந்தது எம்30, உள்ளே கட்டுகிற கம்பிக்கு மேல் 45 மில்லிமீட்டர் கவர், அதாவது கம்பியை மூடுகிற கான்கிரீட். அந்த இடைவெளிக்காகக் கம்பிக்கு அடியில் வைக்கிற கவர் பிளாக்கை மிச்சம் பிடித்தால் கம்பி துருப்பிடித்து உப்பி, கான்கிரீட்டைப் பிளந்துகொண்டு வெளியே வரும். சாம்பல் கலந்த பிபிசி (PPC) சிமென்ட் என்றால் பத்து நாளாவது தண்ணீர் விட வேண்டும். சரிவில் பாத்தி கட்ட முடியாது என்பதால் ஈரக் கோணி போர்த்தி வையுங்கள்.

படம் பார்த்துவிட்டு, பள்ளம் தோண்டிக் கிண்ணம் மாதிரி ஒன்று கட்டலாம் என்று யாராவது ஆசைப்படுவார்கள். வேண்டாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வியாசர்பாடி, புளியந்தோப்புப் பக்கம் தண்ணீர் எப்படி நின்றது என்று பார்த்தவர்கள் நாம். தரைக்குக் கீழே போகிற எதுவும் ஐப்பசியில் குளம், கார்த்திகையில் கொசுப் பண்ணை. தரைக்கு மேலே எழுப்பிக் கட்டி, வாட்டத்தைக் கால்வாய்ப் பக்கம் விடுங்கள். வடிகால் மூடியின் ஓட்டைகள் சக்கரம் வருகிற திசையிலேயே நீளமாக இருக்கக் கூடாது, குறுக்கே இருக்க வேண்டும்.

பெண் பிள்ளைகளைத் தனியாகக் கேளுங்கள். பையன்கள் முன்னால் அவர்கள் சொல்லாதது இரண்டு: கழிவறை, இருட்டு. ஒரே கம்பத்தில் பெரிய விளக்கு மாட்டினால் ரேம்ப்பின் பாதி நிழலில் கிடக்கும். இரண்டு பக்கமும் வேண்டும்.

திடலை மொத்தமாகப் பூட்டியதும் தவறுதான். நாலு மாதம் பூட்டினோம். பிள்ளைகள் வீட்டிலா இருப்பார்கள்? கன்டெய்னர் லாரி போகிற ரோட்டு ஓரத்தில் ஓட்டிக்கொண்டிருந்ததை நானே பார்த்தேன். பாதியைத் தகரம் வைத்து மறைத்து, மறுபாதியைத் திறந்து விட்டிருக்கலாம்.

வேலையின் அளவுகளைக் குறிக்கிற எம்.புக்கில் எழுதி பில் போடும் முன் ஒரு காரியம் செய்தோம். அதுவும் பையன்கள் சொன்னதுதான். இரண்டு குடம் தண்ணீரைத் தரையில் ஊற்றிவிட்டுப் பத்து நிமிஷம் காத்திருந்தார்கள். தண்ணீர் தேங்கிய மூன்று இடத்தில் சாக்பீஸால் வட்டம் போட்டார்கள். இரண்டைக் கொத்தனார் மெஷின் வைத்துத் தேய்த்துச் சரிசெய்தார். மூன்றாவது, விளக்குக் கம்பத்துக்குக் கீழே, இன்னும் அப்படியே இருக்கிறது. மழை விட்டதும் யாராவது ஒருத்தர் கோணியோடு வந்து அதைத் துடைத்துவிட்டுத்தான் போர்டை இறக்குகிறார்கள்.