வீட்டுக்கு ஒரு டீசல் ஜெனரேட்டர்: நாமே கட்டுவது எப்படி

கரண்ட் போனால் ஓட்டுவதற்கு ஒரு டீசல் ஜெனரேட்டரை நாமே கட்ட முடியுமா என்று கேட்டால், தாராளமாக முடியும். இன்ஜின் ஒன்று, அது சுற்றினால் மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர் ஒன்று, இரண்டையும் உட்கார வைக்க ஒரு இரும்புச் சட்டம், நடுவில் பெல்ட். சாமான் என்று பார்த்தால் பெரும்பாலும் இதுதான். ஆனால் கட்டியவர்கள் மாட்டிக்கொள்வது இரண்டு இடங்களில்: இன்ஜினின் வேகம், அப்புறம் அந்த ஒயர் வீட்டுக்குள் நுழையும் இடம். இந்த இரண்டையும் சரியாகச் செய்துவிட்டால் மற்றதெல்லாம் ஸ்பானர் வேலைதான்.

லோடு கணக்கிலிருந்து தொடங்குங்கள். மின்சாரம் இல்லாத நேரத்தில் எது ஓடியே ஆக வேண்டும் என்று எழுதிப் பாருங்கள். ஃப்ரிட்ஜ் 150 வாட், மூன்று ஃபேன் 225, விளக்குகள் 100, ஒரு குதிரைத்திறன் தண்ணீர் மோட்டார் ஏறக்குறைய 1,000 என்று வைத்தால் ஒன்றரை கிலோவாட் வருகிறது. இத்தோடு கணக்கை மூடிவிடக் கூடாது, ஏனென்றால் மோட்டார் கிளம்பும் அந்த ஓரிரு விநாடிகளில் ஓடும்போது இழுப்பதைப் போல ஐந்து, ஆறு மடங்கு கரண்ட் இழுக்கும். அதனால் ஆல்டர்னேட்டரைக் கொஞ்சம் பெரிதாக, 5 கேவிஏ (ஆல்டர்னேட்டரின் திறனைச் சொல்லும் அளவு) அளவில் எடுப்பது நல்லது. இன்ஜினுக்கு ஒரு கிலோவாட்டுக்கு இரண்டு குதிரைத்திறன் என்பது பழகிய கணக்கு. 6 குதிரைத்திறன் இன்ஜினிடம் 2.5 முதல் 3 கிலோவாட் வரை நம்பிக் கேட்கலாம், அதற்கு மேல் கேட்டால் கரும்புகை கக்கும்.

'எதற்கும் இருக்கட்டும்' என்று 20 குதிரைத்திறன் இன்ஜினை வாங்கி இரண்டு ஃபேனை ஓட்டுவதும் தப்பு. டீசல் இன்ஜின் சூடாக வேலை செய்தால்தான் எண்ணெய் முழுதாக எரியும். அதன் சக்தியில் மூன்றில் ஒரு பங்குகூடக் கொடுக்காமல் மணிக்கணக்கில் ஓட்டினால் எரியாத எண்ணெயும் கரியும் டீசலைப் பீச்சும் நாசிலிலும் சைலன்சரிலும் படிந்து, சைலன்சர் மூட்டில் கருப்பாக ஒழுக ஆரம்பிக்கும்.

இன்ஜினில் பொதுவாக இரண்டு வகை கிடைக்கும். ஒன்று லிஸ்டர் வகை: ஒற்றை சிலிண்டர், 6 குதிரைத்திறன், 650 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 650 சுற்று), இரண்டு பக்கமும் கனத்த பிளைவீல், அதாவது சுழல்சக்கரம். இன்னொன்று படுக்கை சிலிண்டர் கொண்ட, 2,000 ஆர்பிஎம்முக்கு மேல் ஓடும் 12 குதிரைத்திறன் இன்ஜின். விலையிலும் எடையிலும் இடத்திலும் சிக்கனம். இடம் இருந்தால் நான் மெதுவானதைத்தான் எடுப்பேன். சத்தம் காதைக் கிழிக்காது, தேய்மானம் குறைவு, மோட்டார் கிளம்பும்போது அந்தப் பிளைவீலில் சேர்ந்திருக்கும் வேகமே பாரத்தைத் தாங்கிக் கொடுத்துவிடும். வேக இன்ஜின் அந்த நொடியில் திணறும்.

பழையதை வாங்கினால் பிளைவீலைச் சும்மா விடாதீர்கள். ஒரு சின்னச் சுத்தியலால் விளிம்பிலும் ஒவ்வொரு ஆரத்திலும் தட்டிப் பாருங்கள். ணங் என்று மணி மாதிரி ஒலித்தால் நல்லது. டொக் என்று செத்த சத்தம் வந்தால் வார்ப்பில் விரிசல் இருக்கலாம், அந்த இன்ஜினைத் தொடவே வேண்டாம். பிளைவீலை ஷாஃப்ட்டோடு பிடித்திருக்கும் ஜிப் கீ இறுக்கமாக உட்கார்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். சுற்றும்போது அது கழன்றால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. அதனால்தான் ஓடுகிற இன்ஜினின் பிளைவீலுக்கு நேர்கோட்டில் யாரும் நிற்கக் கூடாது.

இப்போது வேகம். மின்சாரம் நொடிக்கு எத்தனை அலை அடிக்கிறது என்பதுதான் ஹெர்ட்ஸ். ஆல்டர்னேட்டர் நான்கு போல் (காந்த முனை) கொண்டது என்றால் 50 ஹெர்ட்ஸுக்கு 1,500 ஆர்பிஎம், 60 ஹெர்ட்ஸுக்கு 1,800. போல்களின் எண்ணிக்கையை ஆர்பிஎம்மோடு பெருக்கி 120-ஆல் வகுத்தால் ஹெர்ட்ஸ் வந்துவிடும். இன்ஜின் 650, ஆல்டர்னேட்டர் 1,500 என்றால் புல்லி விகிதம் 2.31. ஆல்டர்னேட்டரில் 6 அங்குலப் புல்லி போட்டால் இன்ஜினில் ஏறத்தாழ 14 அங்குலம். புல்லியின் வெளி விளிம்பை அளந்து கணக்குப் போடாதீர்கள்; வீ-பெல்ட் பள்ளத்துக்குள் எந்த உயரத்தில் உட்கார்ந்து இழுக்கிறதோ அந்த விட்டம்தான் கணக்கு. சின்னப் புல்லியில் இந்த வித்தியாசம் கடைசியில் இரண்டு மூன்று ஹெர்ட்ஸாக வந்து நிற்கும்.

நான் முதலில் கட்டியபோது வெறும் ஓட்டத்தில், அதாவது லோடு எதுவும் இல்லாமல், மீட்டரில் சரியாக 50 ஹெர்ட்ஸ் வரும்படி கவர்னரை (இன்ஜின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் பாகம்) வைத்துவிட்டுத் திருப்தியோடு வீட்டு லோடைப் போட்டேன். ஃப்ரிட்ஜும் மோட்டாரும் சேர்ந்ததும் மீட்டர் 47-க்கு இறங்கிவிட்டது. மோட்டார் ஒரு மாதிரி கனத்த குரலில் முனகியது. கால் மணி நேரம் கழித்து அதன் உடலைத் தொட்டால் கை வைக்க முடியாத சூடு. இன்ஜின்மேல் குற்றமே இல்லை. எந்த மெக்கானிக்கல் கவர்னருக்கும் லோடு ஏறும்போது வேகம் கொஞ்சம் இறங்கும் குணம் உண்டு, நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து வரை. அதனால் வெறும் ஓட்டத்தில் 52 வையுங்கள், லோடில் 50-க்குப் பக்கத்தில் வந்து நிற்கும். ஹெர்ட்ஸ் காட்டும் ஒரு மல்டிமீட்டர் இல்லாமல் இந்த வேலையில் இறங்காதீர்கள். காதால் கேட்டு வேகம் வைக்கிறேன் என்பவர்கள் அடுத்தவர் ஃப்ரிட்ஜை எரிப்பார்கள்.

சட்டத்துக்கு 'ப' வடிவக் கனமான சி-சேனல் இரும்பு போடுங்கள், 'எல்' வடிவ ஆங்கிள் வேண்டாம். ஆல்டர்னேட்டரின் நான்கு போல்ட் துளைகளையும் நீள வாக்கில் வெட்டிக்கொண்டால் பெல்ட்டை இறுக்க நகர்த்த முடியும். அதைத் தள்ளுவதற்கு ஒரு நீள போல்ட்டைப் பின்னால் பற்றவைத்துவிட்டால் கடப்பாரை போட்டு நெம்ப வேண்டியதில்லை. இரண்டு புல்லிகளின் முகத்திலும் ஒரு நூலை இழுத்துப் பிடித்துப் பாருங்கள், நூல் நான்கு இடத்திலும் தொட வேண்டும். ஒரு முனையில் வெளிச்சம் தெரிந்தால் பெல்ட் சில மணி நேரத்தில் தூள் கொட்ட ஆரம்பிக்கும். பெல்ட்டுக்கும் பிளைவீலுக்கும் கம்பி வலையாவது வைத்து மூடுங்கள். வேட்டி, துப்பட்டா, குழந்தையின் கை, எதையும் அது பார்ப்பதில்லை.

மெதுவான ஒற்றை சிலிண்டர் இன்ஜினுக்குக் காங்கிரீட் தளம் வேண்டும். இன்ஜின் எடையைப் போல மூன்று மடங்கு எடையாவது அந்தத் தளத்துக்கு இருக்கட்டும். ஃபவுண்டேஷன் போல்ட்டை வார்க்கும்போதே பதித்து, ரசமட்டம் பார்த்து, ஒரு வாரமாவது தண்ணீர் விட்டபிறகு ஏற்றுங்கள். சுவரை ஒட்டித் தளம் போடாதீர்கள், அதிர்வு முழுக்க வீட்டுக்குள் வரும்.

குளிர்விக்க ஒரு 200 லிட்டர் டிரம் போதும். சிலிண்டர் தலையிலிருந்து சூடான தண்ணீர் மேல் குழாய் வழியாக ஏறி டிரம்முக்குப் போகும், ஆறிய தண்ணீர் கீழ்க் குழாயில் திரும்பும், பம்ப் தேவையில்லை. ஒன்றை மட்டும் கவனியுங்கள், டிரம்மில் தண்ணீர் மேல் குழாயின் வாய்க்குக் கீழே இறங்கினால் சுழற்சி அப்படியே நின்றுவிடும்.

புகைக் குழாயை வெளியே, ஜன்னல் கதவுகளிலிருந்து தள்ளிக் கொண்டுபோங்கள். இன்ஜின் அருகே ஒரு வளையும் குழாய்த் துண்டு இல்லையென்றால் அதிர்வில் வெல்டிங் விட்டுப்போகும். மூடிய அறையில், அடித்தளத்தில், மாடிப்படிக்குக் கீழே ஓட்டவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் நிறமும் கிடையாது, தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும்.

முதல் ஸ்டார்ட்டுக்கு முன் டீசல் லைனில் ஏர் எடுக்க வேண்டும். ஃபில்டரின் மேல் ஸ்குரூவைத் தளர்த்திக் குமிழி நிற்கும்வரை விடுங்கள், பிறகு டீசல் பம்பில், கடைசியாக சிலிண்டருக்குள் டீசலைப் பீச்சும் இன்ஜெக்டரின் நட்டில். எல்லாவற்றையும் இறுக்கியபின், டீகம்ப்ரஷன் லிவரை (சிலிண்டரில் அழுத்தம் சேராமல் வால்வைத் திறந்து வைப்பது) தூக்கி வைத்துக்கொண்டு ஹேண்டிலை மெதுவாகச் சுற்றினால் இன்ஜெக்டரிலிருந்து 'க்ரீக்' என்று ஒரு சின்ன முனகல் கேட்கும். அந்தச் சத்தம் வந்தால் டீசல் சரியாகப் பீச்சுகிறது என்று அர்த்தம், வராமல் நூறு தடவை சுற்றினாலும் கைதான் வலிக்கும். இன்ஜெக்டரைக் கழற்றி வெளியே சோதிக்கும்போது முன்னால் கையை நீட்டாதீர்கள். நூறு பாருக்கு மேல் அழுத்தத்தில் வரும் அந்தப் பீச்சல் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே ஊசி குத்திய மாதிரித்தான் தெரியும், ஆனால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய காயம் அது.

ஹேண்டில் பிடிக்கும்போது கட்டைவிரல் மற்ற விரல்களோடு ஒரே பக்கம் இருக்கட்டும். இன்ஜின் திருப்பி உதைத்தால் விரல் தப்பிக்கும். வேகம் சேர்ந்ததும் லிவரை விட்டால் டக் டக் என்று பிடித்துக்கொள்ளும். காற்று இழுக்கும் வாய்க்குப் பக்கத்தில் ஒரு தட்டைப் பலகையை எப்போதும் வைத்திருங்கள். கவர்னர் சிக்கினாலோ இன்ஜின் தன் ஆயிலையே குடித்து எரிக்க ஆரம்பித்தாலோ வேகம் கட்டுக்கடங்காமல் ஏறும். ஆயிலைக் குடிக்கும்போது டீசலை மூடினாலும் நிற்காது. அப்போது அந்தப் பலகையால் காற்று வாயை அடைப்பதுதான் வழி. கையால் அடைக்கக் கூடாது.

இன்ஜின் ஓடுகிறது, வோல்டேஜ் மட்டும் வரவில்லை என்றால் ஆல்டர்னேட்டர் கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம். நெடுநாள் சும்மா கிடந்ததில் மிச்சக் காந்தம் போயிருக்கலாம். லோடைக் கழற்றிவிட்டு, அதன் கையேட்டில் சொன்னபடி பேட்டரியால் ஃபீல்டுக்கு (காந்தத்தை உண்டாக்கும் சுருள்) ஒரு நொடி மின்சாரம் கொடுத்தால் பெரும்பாலும் எழுந்துவிடும்.

வீட்டு இணைப்பில்தான் நான் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். இரண்டு பக்கமும் பிளக் வைத்த ஒயரை எடுத்துச் சுவர் சாக்கெட்டில் செருகி வீடு முழுக்கக் கரண்ட் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். உங்கள் 230 வோல்ட் தெருவுக்குப் போய், டிரான்ஸ்ஃபார்மரில் தலைகீழாக ஏறிப் பல ஆயிரம் வோல்ட்டாகக் கம்பியில் நிற்கும். லைன் செத்துவிட்டது என்று நம்பிக் கம்பத்தில் ஏறியிருக்கும் ஒருவர் உங்களால் சாவார். ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்து மாற்றும், நடுவில் ஆஃப் நிலை உள்ள சேஞ்ச்ஓவர் சுவிட்சைப் போடுங்கள். அது இருந்தால் வெளி மின்சாரமும் ஜெனரேட்டரும் ஒரே நேரத்தில் சேரவே முடியாது. 5 கேவிஏ என்றால் 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட 22 ஆம்பியர், ஆகவே ஜெனரேட்டர் பக்கம் 20 ஆம்பியர் எம்சிபியும் (கரண்ட் மிஞ்சினால் தானே ஆஃப் ஆகும் சுவிட்ச்) 4 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரும் வரும். தூரம் அதிகமென்றால் ஒயரை ஒரு படி ஏற்றுங்கள். தனி எர்த் கம்பி, ஆல்டர்னேட்டரின் நியூட்ரலை எங்கே எர்த்தோடு சேர்ப்பது, கரண்ட் கசிந்தால் துண்டிக்கும் ஆர்சிசிபி டிரிப் ஆகிறதா என்ற சோதனை, இவற்றை மட்டும் உரிமம் உள்ள எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள். இன்ஜினை நீங்களே கட்டியவர் என்பதால் இதையும் நீங்களே செய்ய வேண்டும் என்றில்லை.

ஓட்டும்போது, ஸ்டார்ட் ஆகி ஐந்து நிமிடம் கழித்து லோடு போடுங்கள், பெரியதை முதலில், மோட்டார்களை ஒவ்வொன்றாக. நிறுத்தும்போது லோடை எடுத்துவிட்டு இன்னொரு ஐந்து நிமிடம் ஓட விட்டு நிறுத்துங்கள். இரண்டு கிலோவாட் லோடுக்கு மணிக்கு முக்கால் லிட்டரிலிருந்து ஒரு லிட்டர்வரை டீசல் போகும். புது இன்ஜினோ, பிரித்து வேலை பார்த்ததோ என்றால் முதல் ஆயிலை 25 மணி நேரத்திலேயே மாற்றிவிடுங்கள், அதில் மின்னும் இரும்புத் துகளைப் பார்த்தால் ஏன் என்று புரியும். டேங்கை நிரப்பியே வையுங்கள், பாதி காலியாகக் கிடந்தால் உள்ளே வியர்த்துத் தண்ணீர் அடியில் சேரும். மாதம் ஒரு முறை அரை மணி நேரமாவது நல்ல லோடோடு ஓட்டிப் பார்த்து, டேங்கின் அடித் திருகிலிருந்து ஒரு டம்ளர் டீசலைக் கண்ணாடிப் பாட்டிலில் பிடியுங்கள். அடியில் தண்ணீர் தனியாகப் பிரிந்து நின்றால், தெளிந்த டீசல் மட்டும் வரும்வரை திறந்தே விடுங்கள்.