போர்வெல் தண்ணீரில் சாயம் வெளுக்கவில்லையா? நான் சரிசெய்த விதம்

டைட்டானியம் டை ஆக்சைடு தூளைக் கலந்து 365 நானோமீட்டர் புற ஊதா விளக்கின் கீழ் வைத்தால், காய்ச்சி வடித்த நீரில் ஆசிட் ஆரஞ்சு 7 சாயம் மளமளவென வெளுத்துவிடும், ஆனால் அதே சாயத்தை எங்கள் போர்வெல் தண்ணீரில் கரைத்தால் மணிக்கணக்கில் ஆரஞ்சாகவே நிற்கும், போதாக்குறைக்குத் தூளும் திரண்டு அடியில் படிந்துவிடும்.

விளக்கு, தூள் இரண்டும் சரி. அப்புறம் தண்ணீரின் காரத்தன்மையை அளந்தபோதுதான் பிடிபட்டது: நீரில் கரைந்திருக்கும் பைகார்பனேட்தான் காரணம். தூளின் மேல் ஒளி பட்டு உருவாகும் ஹைட்ராக்சில் ரேடிக்கல் (எதனோடும் சட்டென வினைபுரியும் துகள்) தான் சாயத்தைச் சிதைப்பது; அதைச் சாயத்துக்கு முந்திக்கொண்டு பைகார்பனேட் பிடித்துவிடுகிறது, மிஞ்சுவது வீரியம் குறைந்த கார்பனேட் ரேடிக்கல்தான்.

நீர்த்த நைட்ரிக் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு பிஹெச் 4க்குக் கொண்டுவந்து, பைகார்பனேட் அமிலத்தில் மாறி உண்டாகும் கார்பன் டை ஆக்சைடை மீன்தொட்டி பம்பால் காற்று செலுத்தி வெளியேற்றினேன். வேகம் நன்றாகவே கூடியது. ஹைட்ரோகுளோரிக் அமிலம் வேண்டாம், குளோரைடும் ரேடிக்கலைப் பிடிக்கும், அமிலநிலையில் இன்னும் அதிகமாக. பிஹெச்சைக் குறைப்பதில் இன்னொரு லாபமும் உண்டு: பிஹெச் 6க்குக் கீழே தூளின் பரப்பு நேர்மின் ஏற்றம் பெறும், இந்தச் சாயம் எதிர்மின் என்பதால் நன்றாக ஒட்டிக்கொள்ளும். அதனாலேயே விளக்கைப் போடும் முன் அரை மணி நேரம் இருட்டில் கலக்கிவிட்டு, அப்போது நீரில் உள்ள சாயத்தின் அளவையே தொடக்கமாக எடுத்துக்கொள்ளுங்கள், ஒட்டியதெல்லாம் சிதைந்த கணக்கில் சேர்ந்துவிடக் கூடாது. மெத்திலீன் நீலம் நேர்மின் சாயம், அதற்கு இந்த ஒட்டும் லாபம் கிடைக்காது.