பேசின் பிரிட்ஜில் ரயில் பார்ப்பது எப்படி: புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு

ரயில் பார்க்கக் கிளம்புகிறவர்கள் நேரே சென்னை சென்ட்ரலுக்குத்தான் போகிறார்கள். அங்கே வந்து நின்ற வண்டி நெடுநேரம் அசையாது; கூட்டத்தில் இன்ஜினின் முகத்தைப் பார்ப்பதே பெரும்பாடு. ஒரு ஸ்டேஷன் தள்ளி பேசின் பிரிட்ஜில் இறங்குங்கள். சென்ட்ரலுக்குப் போகும், வரும் வண்டி எல்லாம் இதைத் தாண்டித்தான் ஆக வேண்டும். கும்மிடிப்பூண்டிப் பாதையும் அரக்கோணம் பாதையும் பிரிவதும் இங்கேதான். ஸ்டேஷனுக்கு வெளியே சிக்னலுக்காக நிறுத்தினால் "அவுட்டர்ல போட்டுட்டான்" என்று பயணிகள் சலித்துக்கொள்வார்களே, நமக்கு அதுதான் லாபம். வண்டி ஊர்ந்து வரும், இன்ஜின் எண்ணை நிதானமாகப் படிக்கலாம்.

1. பத்து ரூபாய் பிளாட்பாரம் டிக்கெட் எடுங்கள். இரண்டு மணி நேரம்தான் செல்லும். காலை 6 மணிக்கே போய்விடுவது நல்லது. வெயில் ஏறினால் தண்டவாளத்தின் மேல் கானல் ஆடும், ஜூம் செய்த படம் குழம்பிப்போகும். சின்ன நோட்டும் பால்பாயிண்ட் பேனாவும் போதும். ஜெல் பேனா வியர்வையில் கலையும்.

2. வெயில் முதுகில் படும்படி, மஞ்சள் கோட்டைத் தாண்டாமல் நில்லுங்கள். படம் எடுக்கும் முன் ஸ்டேஷன் மாஸ்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். ஃபிளாஷ் கூடவே கூடாது, லோகோ பைலட்டின் கண் கூசும். 'நல்ல ஆங்கிள்' என்று தண்டவாளத்தில் இறங்கினால் ரயில்வே சட்டம் 147-ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை, 1000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

3. சிக்னல் பார்க்கப் பழகுங்கள். புதியவர்கள் தடுமாறுவது இங்கேதான். விளக்கு உங்களைப் பார்த்து எரிந்தால் வண்டி உங்கள் முதுகுப் பக்கமிருந்து வரும். சிவப்பு மாறி மஞ்சளோ பச்சையோ விழுந்ததும் திரும்பிப் பாருங்கள். ஆனால் 'ஏ' என்ற எழுத்துப் பலகை உள்ள தானியங்கி சிக்னலை நம்பிக் காத்திருக்காதீர்கள். முன்னால் பாதை காலியாக இருந்தால் அது வண்டி வராமலே பச்சையில் நிற்கும்.

4. இன்ஜின் எண்தான் முக்கிய வேட்டை. ஐந்து இலக்கம், முகத்திலும் பக்கவாட்டிலும் இருக்கும். பக்கத்தில் டபிள்யூ.ஏ.பி-7 என்று இருந்தால்: டபிள்யூ அகலப்பாதை, ஏ மாற்று மின்சாரம், பி பயணிகள் வண்டி, 7 மாடல். பி இருக்கும் இடத்தில் ஜி இருந்தால் சரக்கு இன்ஜின். 22-இல் தொடங்கினால் பெரும்பாலும் பழைய டபிள்யூ.ஏ.பி-4. எண்ணோடு ஷெட்டின் (இன்ஜினைப் பராமரிக்கும் பணிமனை) சுருக்கெழுத்தையும் குறியுங்கள்: ஆர்.பி.எம் ராயபுரம், ஏ.ஜே.ஜே அரக்கோணம், ஈ.டி ஈரோடு, பி.இசட்.ஏ விஜயவாடா. தூசி படிந்த முகத்தில் 3-ம் 8-ம் ஒன்றுபோலத் தெரியும், அதனால் பக்கவாட்டிலும் ஒருமுறை சரிபாருங்கள். இன்ஜின் கூரையில் மேல்கம்பியிலிருந்து மின்சாரம் எடுக்கும் இரண்டு கைகள்தான் பாண்டோ; மேலே தூக்கியிருப்பது வழக்கமாகப் பின்பக்கத்தது. அது உடைந்தாலும் சிதறல் முன்பக்கத்தின் மேல் விழாது.

5. வண்டி எண்ணும் பேசும். 4-இல் தொடங்கினால் நம்ம புறநகர் மின்ரயில், 6 மெமு (பக்கத்து ஊர்களுக்கு ஓடும் மின்ரயில்), 0 சிறப்பு ரயில். முதல் இரண்டு இலக்கம் 12, 22 என்றால் சூப்பர்ஃபாஸ்ட்.

6. கடைசிப் பெட்டியில் பெரிய பெருக்கல் குறியும் சிமிட்டும் சிவப்பு விளக்கும் இருக்கும். வண்டி முழுதாக வந்து சேர்ந்தது என்பதற்கு ரயில்வே ஊழியர்கள் பார்ப்பதும் இதைத்தான். அதுவரை நோட்டை மூடாதீர்கள்.

பேசின் பிரிட்ஜில் கிடைக்காத வண்டிகளும் உண்டு. எழும்பூரிலிருந்து பீச் ஸ்டேஷன் வழியாக வடக்கே போகும் வண்டிகள் ராயபுரம், வண்ணாரப்பேட்டை, கொருக்குப்பேட்டை என்று போய்விடும். துறைமுகச் சரக்கு வண்டிகளையும் அந்தப் பக்கம்தான் பார்க்க வேண்டும். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்குக் கிளம்பியது. சென்ட்ரல் வந்தது 1873-இல். இந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ஓடிய மும்பை, தாணேயின் முதல் ஸ்டேஷன் கட்டடங்கள் இன்று இல்லை என்பதால், தூண் வரிசையோடு நிற்கும் ராயபுரம்தான் துணைக்கண்டத்தில் மிஞ்சிய மிகப் பழைய ஸ்டேஷன் கட்டடம்.

பேசின் பிரிட்ஜிலிருந்து ராயபுரம் போக கும்மிடிப்பூண்டி வண்டியில் கொருக்குப்பேட்டை வரை போய், பீச் வண்டிக்கு மாற வேண்டும். பீச் வண்டிகள் குறைவு, நேரம் பார்த்துக் கிளம்புங்கள். பிளாட்பாரம் டிக்கெட்டோடு ஏறிவிடாதீர்கள், பயணத்துக்குத் தனி டிக்கெட்.