டோட்டல் லாஸ் ஆன வண்டி: செக் வந்த பிறகு செய்யும் தவறு

போன மாதம் பள்ளத்தூர்ப் பையன் ஒருவன் என் பட்டறை வாசலில் நசுங்கிய தன் காரின் டிக்கி மேல் பேப்பரை வைத்துக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தான். எட்டிப் பார்த்தேன். ஃபார்ம் 29, ஃபார்ம் 30, வண்டியை விற்றுப் பெயர் மாற்றும் படிவங்கள். வாங்குபவர் பெயர் எழுதும் இடம் காலி, தேதியும் காலி.

“தம்பி, யாருக்கு விக்கிறேன்னே எழுதாம கையெழுத்துப் போடுறியே?” என்றேன்.

“அண்ணே, இன்சூரன்ஸ் கம்பெனி பணம் ஏறிருச்சு. இனிமே இது வெறும் இரும்புதானே?” என்றான்.

2013-இல் நானும் இதையேதான் சொன்னேன். காரைக்குடியில் டிங்கர் பட்டறை வைத்து இத்தனை வருடத்தில், விபத்தில் உருக்குலைந்த வண்டியோடு வருகிறவர்கள் ஒரே மாதிரி ஏமாறுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். லைசென்ஸ் இல்லாமல் ஓட்டாதே, பாலிசியைத் தேதியில் புதுப்பி என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

ஐ.டி.வி.யைக் குறைப்பது

வண்டி முழுதாகப் போனால், அதாவது டோட்டல் லாஸ் ஆனால், கம்பெனி தரும் தொகைக்கு உச்சவரம்பு இந்த ஐ.டி.வி.தான், பாலிசியில் எழுதியிருக்கும் வண்டியின் மதிப்பு. புது வண்டியின் விலையில் வயதுக்கு ஏற்பக் கழிப்பார்கள்: ஆறு மாதம் வரை 5 சதவீதம், ஒரு வருடத்துக்குள் 15, இரண்டு வருடத்துக்குள் 20, பிறகு 30, 40 என்று போய் ஐந்தாம் வருடத்தில் 50. அதற்கு மேல் வயதான வண்டிக்கு நீங்களும் கம்பெனியும் பேசி முடிவு செய்வதுதான் மதிப்பு. அங்கேதான் பலர் பிரீமியத்தில் ஆயிரம் ரூபாய் குறையட்டும் என்று மதிப்பை அடிமட்டத்துக்கு இறக்கிவிடுகிறார்கள். விபத்து நடந்த பிறகு சந்தை விலையைச் சொல்லிக் கெஞ்சினாலும் பாலிசியில் எழுதியிருக்கும் எண்ணுக்கு மேல் ஒரு பைசா வராது. ‘ஜீரோ டெப்’ எடுத்திருக்கிறேனே என்பார்கள். அது ரிப்பேர் செலவில் பாகங்களுக்குப் போடும் தேய்மானக் கழிவுக்குத்தான். டோட்டல் லாஸில் அதற்கு வேலையே இல்லை. வாங்கிய பில் தொகை கிடைக்க வேண்டுமென்றால் ‘ரிட்டர்ன் டு இன்வாய்ஸ்’ தனியாகச் சேர்த்திருக்க வேண்டும்.

பட்டறை எஸ்டிமேட்டை நம்பி உட்கார்ந்திருப்பது

ரிப்பேர் செலவு ஐ.டி.வி.யில் 75 சதவீதத்தைத் தாண்டினால் வண்டியை டோட்டல் லாஸ் என்று எடுத்துக்கொள்வார்கள். 4,20,000 ரூபாய் ஐ.டி.வி. என்றால் கோடு 3,15,000-இல் இருக்கிறது. பட்டறைக்காரர் 3,40,000 என்று எழுதிக் கொடுத்தால் கோட்டைத் தாண்டிவிட்டோம் என்று வீட்டுக்குப் போய்விடாதீர்கள். சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயர் ஒவ்வொரு பாகமாகப் பார்த்து, ‘இது மாற்ற வேண்டாம், நிமிர்த்தினால் போதும்’ என்று வெட்டிய பிறகு நிற்கும் தொகைதான் கணக்கு. அவர் பார்க்க வரும் அன்று பட்டறையில் இருங்கள். வளைந்த சேஸிஸைத் தொட்டுக் காட்டுங்கள். அவர் ரிப்போர்ட்டின் நகலை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

வெற்றுப் படிவத்தில் கையெழுத்து

இதைப் பற்றிப் பேசும்போது எனக்கு இன்னும் வயிறு எரிகிறது.

டோட்டல் லாஸ் ஆன வண்டியின் மிச்சத்துக்கு சால்வேஜ் என்று பெயர். பெரும்பாலும் கம்பெனி அதை வாங்கும் ஆட்களிடம் விலை கேட்டுச் சொல்லும். மேலே சொன்ன அதே வண்டிக்கு 1,10,000 என்று ஒருவர் கேட்டிருந்தால், அதைக் கழித்து, கிளெய்மில் நீங்களே ஏற்க வேண்டிய கட்டாயக் கழிவு 1,000 ரூபாயையும் கழித்து, 3,09,000 ரூபாய் உங்கள் கணக்குக்கு வரும். மிச்ச 1,10,000-ஐ வாங்குகிறவர் உங்களிடம் நேரே தந்துவிட்டு வண்டியைத் தூக்கிப் போவார். இதில் கவனிக்க வேண்டியது, விற்பவர் நீங்கள். கம்பெனி விற்கவில்லை.

என் ஆம்னி வேன் திருமயம் பக்கம் லாரியில் மோதி அப்பளமாகிப்போனது. கிளெய்ம் பணம் வந்த அன்றே ரெக்கவரி வண்டியோடு ஒருவர் வந்தார். 38,000 ரூபாயை எண்ணிக் கொடுத்தார். வேப்ப மரத்தடியில் நின்ற வேனின் டாஷ்போர்டில் குன்றக்குடி விபூதிப் பொட்டலம் அப்படியே இருந்தது, அதை மட்டும் எடுத்துக்கொண்டேன். ஆர்.சி. புத்தகம், கையெழுத்திட்ட படிவங்கள் எல்லாம் அவர் கைக்குப் போயின. “பேர் மாத்துறதை நாங்க பாத்துக்கிறோம்” என்றார். உடைக்கத்தான் கொண்டுபோகிறார், காயலான் கடைக்குப் போகும் தகரத்துக்குப் பெயர் மாற்றி என்ன ஆகப் போகிறது என்று நானும் விட்டேன்.

அவர் உடைக்கவில்லை. முன்பாதியை வெட்டி வேறு வண்டியின் முன்பாதியை ஒட்டி, என் நம்பரோடு ரோட்டில் விட்டுவிட்டார்கள். 2016-இல் வேறு மாவட்டத்து விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்திலிருந்து எனக்கு நோட்டீஸ் வந்தது. இன்சூரன்ஸ் இல்லாத அந்த வேன் ஒரு டிவிஎஸ் 50-இல் மோதியிருக்கிறது. வாங்கியவரின் போன் அணைந்திருந்தது. ஊன்றுகோலோடு வராந்தாவில் உட்கார்ந்திருந்த அந்த மனிதரை ஒவ்வொரு வாய்தாவிலும் பார்த்தேன். ‘வண்டி என்னுடையதில்லை’ என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல என் கையில் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. இரண்டு வருடம் அலைந்து, கடைசியில் சமரசமாக 1,85,000 ரூபாய் கட்டினேன்.

சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. ஒரு கார் விற்று, கைமாறி, மறுபடி கைமாறிய வழக்கில் 2018-இல் உச்ச நீதிமன்றம் பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், இழப்பீட்டுக்கும் அவரே பொறுப்பு என்று சொல்லிவிட்டது.

அதனால் பள்ளத்தூர்ப் பையனிடமிருந்து பேனாவைப் பிடுங்கிக்கொண்டு நான் செய்ய வைத்தவை இவை. வாங்குபவரின் பெயர், முகவரி, தேதி எல்லாவற்றையும் அவர் கண்ணெதிரே நிரப்பினோம். ஆதார் நகல் வாங்கினோம். டெலிவரி நோட்டில் நாளோடு மணியையும் எழுதிக் கையெழுத்து வாங்கினோம். வண்டியைக் கொடுத்த தகவலை விற்றவர் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ. ஆபீசுக்குத் தெரிவிக்க வேண்டும். ஃபார்ம் 29 அதற்குத்தான், ஒப்புகைச் சீட்டோடு அனுப்பினோம். வண்டிப் பதிவு விவரம் காட்டும் எம்பரிவாகன் செயலியில் வாரா வாரம் வண்டி எண்ணைப் போட்டுப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். பெயர் முழுதாகத் தெரியாவிட்டாலும் தன் பெயர் போய்விட்டதா என்பது தெரிந்துவிடும்.

இனி ஓடவே முடியாத வண்டி என்றால் விற்றுப் பெயர் மாற்றும் வேலையே வேண்டாம். அதையும் 14 நாளுக்குள் தெரிவித்து, ஆர்.சி.யை ஒப்படைத்து, பதிவையே ரத்து செய்துவிடுங்கள். சேஸிஸ் நம்பர் உள்ள தகட்டை வெட்டும்போது பக்கத்தில் நின்று போட்டோ எடுங்கள்.

கண்மாயில் இறங்கிய வண்டியை ஸ்டார்ட் செய்வது

சாவியைத் தொடாதீர்கள். தண்ணீர் புகுந்த எஞ்சினை ஓட்டிக் கெடுத்தால், எஞ்சின் பாதுகாப்புச் சேர்க்கை இல்லாத பாலிசியில் பணம் வராது.

கடன் உள்ள வண்டி

பணம் முதலில் பைனான்ஸுக்குப் போகும். பாக்கி எவ்வளவு என்று அன்றே எழுத்தில் வாங்குங்கள்.

‘முழுமையாகப் பெற்றுக்கொண்டேன்’

பணம் தரும்போது கம்பெனி இப்படி எழுதிய வவுச்சரை நீட்டும். தொகை சரியில்லை என்று தோன்றினால் அதில் கையெழுத்து வேண்டாம். முதலில் கம்பெனிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் பிடிக்காவிட்டாலோ இன்சூரன்ஸ் புகார்களை விசாரிக்கும், சென்னையில் உள்ள இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனுக்குப் போகலாம். கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம்.

இறந்தவர் பெயரில் நிற்கும் கார்

நம் பக்கத்தில் இது அதிகம். அப்பச்சி தவறிப் பல வருடம் ஆகியிருக்கும், பிள்ளைகள் சிங்கப்பூரிலும் சென்னையிலும் இருப்பார்கள், கார் வளவு வீட்டில் அவர் பெயரிலேயே நிற்கும். கோயில் திருவிழாவுக்கு வரும்போது யாராவது எடுத்து ஓட்டுவார்கள். பாலிசிதாரர் இறந்தால் அந்த பாலிசி மூன்று மாதம் வரை, அல்லது அதற்குள் முடிந்தால் முடியும் தேதி வரை மட்டுமே செல்லும். அதற்குள் ஆர்.சி.யையும் பாலிசியையும் வாரிசு பெயருக்கு மாற்றுங்கள்.

இதோடு சேர்த்து இன்னொன்று. தேவகோட்டையில் ஓர் ஆச்சி, மகன் ஓட்டிப் போய் இறந்த காரின் பாலிசியை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். வண்டிக்கு என்ன கிடைக்கும் என்று மட்டும் கேட்டார். பின்பக்கத்தை வாசித்துப் பார்த்தேன். உரிமையாளரே ஓட்டி இறந்தால் 15 லட்சம் என்ற தனிநபர் விபத்துக் காப்பீடு அதில் இருந்தது. கார் மகன் பெயரில்தான், லைசென்ஸும் நடப்பில் இருந்தது. வண்டிக்கான கிளெய்ம் படிவத்தை மட்டும் நிரப்பிக் கொடுத்து, இதைக் கேட்காமலே விட்டிருந்தார்கள். நாமினி பெயர் ஆச்சியுடையது. அன்று சாயங்காலமே தனிப் படிவம் எழுதினோம்.